இன்னைக்கு என்ன குழம்பு?

சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். ஆபீஸ் விட்டுப் பெண்கள் தெருவுக்குள் நுழைகையில் மணி ஆறைத் தாண்டியிருக்கும். நாள் முழுக்கக் கட்டை அடுக்கிய கையைச் சாம்பல் போட்டுக் கழுவி, புளியை ஊறப்போட்டு, முறத்தில் அரிசியோடு வாசற்படியில் வந்து உட்காருவார்கள். கல் பொறுக்கிக்கொண்டே பேச்சு தொடங்கும். என் அத்தை வீடு அந்தத் தெருவில்தான் இருந்தது. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் காதில் விழுந்த பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"யக்கா, இன்னைக்கு என்ன கொழம்பு?"

"என்னத்தப் பெருசா, கருவாடும் கத்திரிக்காயும்தான். நீ?"

"இன்னும் உலையே வைக்கல. முந்தாநாளு ஒங்க வீட்டுக் கொழம்பு எங்க வீடு வரைக்கும் மணத்துச்சே, என்ன போட்டீக?"

"ஒண்ணுமில்லத்தா. மல்லி வறுக்கையில நாலு வெந்தயத்தையும் சேத்து வறுத்தேன்."

"வெந்தயம் செவக்கணுமா?"

"செவக்க விட்டா கசந்துரும். பொரிஞ்சதும் எறக்கிரு. ஆமா, ஒன்ட்ட இருக்கது புதுப் புளியா, பழம் புளியா? பழம் புளின்னா கொழம்பு கறுத்துப்போகும். சின்ன எலுமிச்சங்காத் தண்டி எடு, போதும். ஒங்க மாமியாருக்குத்தான் புளிப்பு ஆகாதே."

"கருவாடு நெத்திலிதான் கெடக்கு."

"நெத்திலின்னா தலையைக் கிள்ளிட்டு சுடுதண்ணில ரெண்டு தரம் அலசு. உப்பைக் கடைசியாப் பாத்துப் போடு."

மொத்தம் இரண்டு நிமிடப் பேச்சு. இதற்குள் ஒரு சமையற்குறிப்பு கைமாறிவிட்டது. அதுவும் அச்சில் வருகிற குறிப்பைப் போல யாருக்கோ பொதுவாகச் சொன்னதல்ல. கேட்டவளுடைய பானையில் என்ன புளி இருக்கிறது, அவள் வீட்டில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, கையில் இருப்பது எந்தக் கருவாடு என்றெல்லாம் விசாரித்து, அந்த வீட்டுக்கென்றே அளந்து கொடுத்த குறிப்பு. 'எலுமிச்சங்காய் அளவு', 'கொட்டைப்பாக்கு அளவு', 'மூன்று விரலால் அள்ளிய உப்பு' போன்ற அளவுகளைத் துல்லியமற்றவை என்று ஒதுக்கிவிடுகிறோம். புளி ஆண்டுக்கு ஆண்டு மாறும், உப்பு கருவாட்டுக்குக் கருவாடு மாறும் என்று தெரிந்தவர்களின் அளவுமுறை அது. பொருள் மாறும்போது கிராம் கணக்கு பிசகும். கேள்வி கேட்டுச் சொல்கிற அளவு பிசகாது.

"இன்னைக்கு என்ன குழம்பு?" என்ற கேள்வியை வெறும் முகமன் என்று தள்ளிவிடுவது எளிது. 1923-இல் மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி, செய்தி சொல்வதற்காக அல்லாமல் உறவைப் பேணுவதற்காகவே பேசப்படும் பேச்சு என்று ஒரு வகையைப் பிரித்துக் காட்டினார். நம் "சாப்பிட்டாச்சா?" அந்த வகையில் ஓரளவு அடங்கும். அதற்கு யாரும் விரிவான பதிலை எதிர்பார்ப்பதில்லை. "என்ன குழம்பு?" அப்படி அடங்காது. அதற்குப் பதில் வேண்டும்; பதிலிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கும். கேட்பவள் அந்தப் பதிலிலிருந்து தெரிந்துகொள்வதும் ஏராளம். வாரத்தில் மூன்றாம் முறையாக 'ரசம்தான்' என்று பதில் வந்தால் அந்த வீட்டில் கூலி வரவில்லை என்று பொருள். வெள்ளிக்கிழமை கறி எடுத்திருந்தால் விருந்தாளி வந்திருக்கிறார். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும்போது மீன் குழம்பு என்று ஒருத்தி சொன்னால், 'என்ன விலைக்கு வாங்குன?' என்பதுதான் அடுத்த கேள்வி.

ஊருக்கு ஊர் கேள்வியின் வடிவம் மாறுகிறது. தென்மாவட்டங்களில் 'என்ன வெஞ்சனம்?' என்றும் கேட்பார்கள். நாஞ்சில் நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் 'என்ன கறி?'. கீழக்கரை, காயல்பட்டினம் முஸ்லிம் வீடுகளில் குழம்புக்கு ஆணம் என்று பெயர். புளியாணமா, மீனாணமா என்று பேச்சு போகும். வைணவ வீடுகளில் 'என்ன தளிகை?'. எங்குமே சோற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது இருந்தாக வேண்டியது. அதன்மேல் எதை ஊற்றினார்கள் என்பதே செய்தி.

இந்தச் செய்தி பழையது. குறுந்தொகையின் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. புதிதாய்க் குடித்தனம் வைத்த மகள் வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் வந்து சொல்கிற பாட்டு. மகள் கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். அந்தக் கையைத் துடைத்த சேலையைத் துவைக்காமலே உடுத்துக்கொண்டு, தாளிக்கிற புகை கண்ணில் ஏற, தானே கிளறிப் புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் நன்றாக இருக்கிறது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. தாளிப்புக்கு அந்தப் பாட்டில் வரும் சொல் 'குய்'. உரைகாரர்கள் இதில் இல்லறத்தின் இனிமையைக் கண்டார்கள். எனக்கு முதலில் கண்ணில் படுவது, இது ஒரு சமையல் செய்தி என்பதே. மகள் நன்றாக இருக்கிறாளா என்று தாய்க்குத் தெரிய வேண்டும். செவிலி அதற்கு நகையையோ நிலத்தையோ பற்றிச் சொல்லவில்லை. என்ன குழம்பு வைத்தாள், எப்படி வைத்தாள் என்று சொல்கிறாள். அதிலேயே எல்லாம் வந்துவிடுகிறது. இன்றைக்கும் ஊரிலிருந்து தொலைபேசுகிற அம்மா மகளிடம் கேட்பது இதைத்தான்.

இதற்கு நேரெதிரான காட்சி ஒன்று பத்துப்பாட்டில் இருக்கிறது. நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், வறுமையில் வாடும் பாணன் வீட்டு அடுக்களையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. பசியால் மெலிந்த பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புகூட இல்லாமல் வேகவைக்கிறாள். பிறகு, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாது என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். என்ன சமைத்தோம் என்று சொல்ல முடியாத நாளும் ஒரு வீட்டுக்கு வரும். அந்தக் கதவு இன்னும் சாத்தித் திறந்துகொண்டுதான் இருக்கிறது. 'ஒண்ணுமில்லக்கா, நேத்து வச்ச கொழம்பு கெடக்கு' என்று ஒருத்தி பேச்சை முடித்துக்கொண்டு உள்ளே போனால், அதற்குமேல் கேட்காமல் இருப்பது தெருவின் நாகரிகம். கேட்காமலே அரை மணி கழித்து ஒரு கிண்ணம் போகும். 'கூட வச்சிட்டேன், வீணாப் போகும், ஊத்திக்கிருங்க' என்று ஒரு பொய்யும் கூடவே போகும். வாங்குகிறவளுக்கும் அது பொய் என்று தெரியும்.

கையேந்த வைக்காமல் கொடுக்கிற இந்தப் பழக்கத்தின் பக்கத்தில் திரும்பக் கொடுக்கிற கடனும் உண்டு. உழக்கு அரிசி, ஒரு கை பருப்பு, இரண்டு கரண்டி எண்ணெய். கைமாற்று என்று சொல்வோம். அளந்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவதற்குப் பழந்தமிழில் குறியெதிர்ப்பை என்று தனிச் சொல்லே இருந்தது. திருக்குறளிலும் வருகிறது, புறநானூற்றிலும் வருகிறது. புறம் 163-இல் பெருஞ்சித்திரனார் குமணனிடம் பெற்ற பரிசிலோடு வீடு திரும்பி மனைவியிடம் சொல்வது: உன்னை விரும்புகிறவர்களுக்குக் கொடு, நீ விரும்புகிறவர்களுக்குக் கொடு, நம் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தவர்களுக்கும் கொடு, என்னைக் கேட்டுக்கொண்டிராதே. புலவர் வீட்டு அடுப்பை அத்தனை நாளும் எரியவைத்தது அக்கம்பக்கத்துப் பெண்களின் அரிசி. பரிசில் வாங்கியவர் பெயரும் கொடுத்தவர் பெயரும் நமக்குத் தெரிகின்றன. அரிசி கொடுத்தவர்கள் பெயர் தெரியவில்லை.

இந்த இடத்தில், தமிழ்ச் சமையலைப் பற்றி எழுதுகிறவர்கள் கவனிக்காமல் விட்ட ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். நம்மிடம் இரண்டு சமையல்கள் உண்டு: பகல் அடுப்பின் சமையல், இரவு அடுப்பின் சமையல்.

பகலில் வீட்டில் ஆள் இருக்கிற குடும்பங்களில் முழுச் சமையல் மதியத்துக்கு நடக்கும். காலையிலேயே குழம்பு, பொரியல், ரசம் என்று முடித்துவிடுவார்கள். இரவுக்கு மிஞ்சியதோ பலகாரமோ. காடுகரைக்கும் கொத்துவேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற வீடுகளில் இது தலைகீழ். அங்கே அடுப்பு முழுதாக எரிவது பொழுது சாய்ந்த பிறகுதான். உலை கொதித்துச் சோறு வடிந்து குழம்பு இறங்க இரவு எட்டரை, ஒன்பது ஆகும். சுடுசோறு சாப்பிடுகிற ஒரே வேளை அது. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடிகாலையில் பழைய சோறு. மதியத்துக்குத் தூக்குவாளியில் போவதும் பெரும்பாலும் அதுவே.

ஆகவே இரவுக் குழம்புக்கு ஒரு கடமை இருந்தது: குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், வெக்கை மிகுந்த ஊரில், அது மறுநாள் காலைவரை கெடாமல் தாங்க வேண்டும். துவரம்பருப்பு வெந்த சாம்பார் விடிவதற்குள் ஊசிப்போகும். தொட்டால் நூல் விடும். தேங்காய் அரைத்து ஊற்றியதும் நிற்காது. நிற்பவை புளி நின்ற குழம்புகள்: கருவாட்டுக் குழம்பு, மீன் குழம்பு, வற்றல் குழம்பு, காரக்குழம்பு. புளியின் அமிலத்தில் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகுவதில்லை. நல்லெண்ணெயும் உப்பும் துணை நிற்கின்றன. படுக்கப்போகுமுன் குழம்பை இன்னொருமுறை கொதிக்கவைத்து, கரண்டி போடாமல் மூடி வைப்பார்கள். காலையில் புளிப்பேறிய பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள, சுண்டி இறுகிய அந்தக் குழம்பைவிடப் பொருத்தமானது வேறில்லை. 'முந்தின நாள் மீன் குழம்புதான் ருசி' என்று இன்று நகரத்தில் உணவகக்காரர்கள்கூடச் சொல்கிறார்கள். அந்த ருசியைக் கண்டுபிடித்தது இந்த இரவு அடுப்பு. திருநெல்வேலி வீடுகளில் பொங்கல் கழிந்ததும் மிஞ்சிய குழம்பையும் காய்களையும் ஒன்றாக்கி நாள்தோறும் சுண்டவைத்து உண்ணும் பழங்கறியும் இதே அறிவின் இன்னொரு முகம்.

கருவாட்டையும் புளியையும் 'ஏழைகளின் உணவு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அதில் விலைக் கணக்கு மட்டுமல்ல, நேரக் கணக்கும் சூட்டுக் கணக்கும் இருந்தன. பன்னிரண்டு மணி நேரம் கழித்து, இரண்டாம் வேளையில், வேறொரு சோற்றோடு சேரப்போகிற குழம்பை முன்கூட்டியே நினைத்துச் சமைத்தார்கள். வெந்தயம் எத்தனை, புளி எவ்வளவு என்ற வாசற்படிப் பேச்சு அந்த நினைப்பின் பாடசாலை.

விறகடுப்புக் காலத்தில் சமையல் செய்தியைச் சொல்ல வாய்கூட வேண்டாம். கூரைமேல் எழுகிற புகையே சொல்லிவிடும். புகை வராத வீட்டை அத்தை கவனித்துக்கொண்டே இருப்பாள். நெருப்புக்குச் சொந்தமாய்த் தீப்பெட்டி வாங்காத வீடுகள், தீப்பெட்டி செய்கிற அந்தத் தெருவிலேயே இருந்தன. சிரட்டையில் கங்கு வாங்கிக்கொண்டு போவார்கள். கங்கு வாங்க வந்தவள் அடுப்பைப் பார்ப்பாள், அடுப்பில் இருப்பதைக் கேட்பாள். சாவு நிகழ்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவும் தெருவும்தான் சோறாக்கிக் கொண்டுபோகும். மசக்கைக்காரிக்கு எந்த வீட்டு வாசனை பிடித்ததோ அந்த வீட்டிலிருந்து கிண்ணம் போகும்.

கிண்ணத்துக்கென்று சட்டங்கள் உண்டு. வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாது. இரண்டு கத்திரிக்காயோ ஒரு முருங்கைக்காயோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையோ போட்டுத் தர வேண்டும். விளக்கு வைத்த பிறகு உப்பும் தயிரும் வெளியே போகக் கூடாது. இருட்டியபின் கறியோ மீனோ வீடு விட்டு வீடு போனால், மேலே ஒரு கரித்துண்டு வைத்து அனுப்ப வேண்டும், காத்துகருப்பு அண்டாது. இந்த நம்பிக்கைகளில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஆனால் விளக்கு வைத்தபின் தெருவில் எவ்வளவு குழம்பு நடமாடியிருந்தால் இத்தனை விதிகள் தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

எந்தக் கிண்ணம் எந்த வாசலைத் தாண்டலாம் என்பதற்கும் விதி இருந்தது. அது இவற்றையெல்லாம்விடக் கடுமையானது. மெக்கிம் மாரியட் என்ற மானுடவியலாளர் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், உத்தரப்பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் எந்தச் சாதியார் யார் கையால் எந்த உணவை ஏற்கிறார்கள் என்று அட்டவணை போட்டு, அதிலிருந்தே சாதிப் படிநிலையை வரிசைப்படுத்திக் காட்டினார். கொடுக்கிறவர் மேலே, வாங்கமட்டும் செய்கிறவர் கீழே. நம் ஊருக்கு அட்டவணை வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். அரிசி, காய், கறிவேப்பிலை போன்ற பச்சைப் பண்டங்கள் எல்லா வாசலும் தாண்டும். தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்த குழம்பு தாண்டாது. தாண்டினாலும் ஒரே திசையில்தான். பாமாவின் 'கருக்கு' (1992) நூலில், நாயக்கர் வீட்டில் வேலை செய்யும் பாட்டி தன் பாத்திரத்தைச் சாக்கடை ஓரம் வைத்துவிட்டு நிற்க, வீட்டுக்காரப் பெண் எட்ட நின்று மிச்சத்தை அதில் கொட்டுகிறாள். அதுவும் ஒரு வீட்டுக் குழம்பு இன்னொரு வீட்டுக்குப் போவதுதான். அந்தப் பாட்டி வீட்டுக் குழம்பு திரும்ப அந்தப் பக்கம் போகவே முடியாது என்பதில் இருக்கிறது எல்லாக் கொடுமையும். அத்தையின் தெரு ஒரே சாதியாரின் தெரு. அங்கே நான் கண்ட தாராளம் தெருமுனையோடு நின்றுபோனது. அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதினால் அது பொய்யாகும்.

இன்றைய நகரத்தில் இந்த விதி வேறு சட்டை போட்டிருக்கிறது. 'சைவம் மட்டும்' என்று வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் கேட்பதும் 'என்ன குழம்பு?' என்ற கேள்விதான். கேட்கும் நோக்கம்தான் வேறு. மாட்டுக்கறி சமைக்கும் நாளில் சன்னலைச் சாத்திக்கொள்கிற குடும்பங்கள் சென்னையின் அடுக்ககங்களில் இருக்கின்றன. பாணன் வீட்டுப் பெண் உப்பில்லாக் கீரைக்கு வெட்கப்பட்டுக் கதவை அடைத்தாள். இவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லாத நல்ல உணவுக்காக அடைக்க வேண்டியிருக்கிறது.

உணவு தாண்ட முடியாத இடத்தைச் சமையற்குறிப்பு தாண்டிவிடும். அர்ஜுன் அப்பாதுரை 1988-இல் எழுதிய, இந்தியச் சமையல் நூல்களைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் பிடித்தது: நகரத்து நடுத்தர வர்க்கப் பெண்கள் வட்டாரமும் சாதியும் வேறான தோழிகளோடு முதலில் வாய்வழியாகக் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டார்கள், அந்தப் பழக்கத்தின் மேல்தான் அச்சுப் புத்தகங்கள் எழுந்தன என்கிறார். தமிழில் அச்சேறிய சமையலின் பெரும்பேர் எஸ். மீனாட்சி அம்மாள். 1905-இல் பிறந்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்து குடும்பப் பொறுப்பைச் சுமந்தவர். அவர் கைப்பக்குவத்தை அறிந்த உறவுப் பெண்கள் கடிதம் எழுதிக் கேட்பார்கள். அவரும் பொறுமையாகப் பதில் எழுதுவார். இத்தனை கடிதம் எழுதுவதற்குப் பதில் புத்தகமாக எழுதிவிடேன் என்று உறவினர் கே. வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் தூண்ட, 1951-இல் 'சமைத்துப் பார்' முதல் பாகம் வந்தது. புகுந்த வீட்டிலிருந்தும் வேலை மாற்றலாகிப் போன ஊரிலிருந்தும் பெண்கள் அஞ்சலில் கேட்ட 'எப்படிச் செய்வது?' என்ற கேள்விதான் அந்தப் புத்தகத்தின் வேர். படியும் ஆழாக்குமாக அளவு சொல்லி, தாளிப்பது முதல் வடாம் இடுவது வரை ஒன்றும் விடாமல் எழுதிய அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் அது பகல் அடுப்பின் புத்தகம். படிக்கத் தெரிந்த, கடிதம் எழுதத் தெரிந்த, மதியம் சமைக்கிற வீடுகளின் அறிவு அச்சேறியது. அதற்குப் பின் வந்த அசைவச் சமையல் நூல்களும், பெண்கள் இதழ்களின் '30 வகை' இணைப்புகளும் பெரும்பாலும் விருந்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் எழுதப்பட்டவை. செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணிக்கு, அலுத்து வந்த உடம்போடு, இருப்பதைக் கொண்டு ஐந்து பேருக்கு வைத்து, மறுநாள் காலைக்கும் மீத்த குழம்பை எந்தப் புத்தகமும் எழுதவில்லை. தஞ்சை மன்னர் சரபோஜியின் அரண்மனை அடுக்களைக்குச் சரபேந்திர பாகசாஸ்திரம் என்று நூல் இருக்கிறது. சரஸ்வதி மகால் நூலகம் அதை அச்சிட்டுமிருக்கிறது. கரிசல் காட்டுச் சொற்களுக்குக் கி. ராஜநாராயணன் அகராதி செய்தார். இரவு அடுப்புக்கு இன்னும் ஒன்றும் இல்லை. அதை அறிந்த பெண்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பல்கலைக்கழகங்களின் நாட்டார் வழக்காற்றியல் துறைகள் கதையையும் பாட்டையும் தேடிப் போகிற அக்கறையோடு குழம்பையும் தேடிப் போயிருக்கலாம்; இப்போதும் நேரம் முற்றாகப் போய்விடவில்லை.

இந்தப் பேச்சும் கிண்ணமும் குறைந்துபோனதற்கு மனிதர்கள் கெட்டுவிட்டார்கள் என்று காரணம் சொல்வதை நான் ஏற்கவில்லை. பல நல்ல மாற்றங்களின் பின்விளைவு அது. நியாயவிலைக் கடையில் 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011-இலிருந்து விலையில்லாமலும் அரிசி வந்தபின் உழக்கு அரிசிக்கு யாரும் அடுத்த வீட்டுப் படி ஏற வேண்டியதில்லை. அது பெரிய விடுதலை. ஏறி நின்றவர்களைக் கேட்டால் தெரியும். எரிவாயு வந்தபின் கங்கும் புகையும் போயின. பெண்களின் கண்ணும் நெஞ்சும் பிழைத்தன. மிக்சி வந்தபின் அம்மிச் சத்தம் போனது. குளிர்பதனப் பெட்டி வந்தபின் மிஞ்சிய குழம்பைக் கொடுத்துத் தீர்க்கும் அவசியம் போனது.

அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றமும் உண்டு. இரவுச் சாப்பாடே மாறிவிட்டது. ஒரு காலத்தில் பகல் அடுப்பு வீடுகளின் வழக்கமாக இருந்த இரவுப் பலகாரம் இப்போது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. கடையில் மாவு பாக்கெட் கிடைக்கிறது. தோசை பத்து நிமிட வேலை. சர்க்கரை நோய்க்காரர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023-இல் வெளிவந்த ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. மருத்துவர் இரவுச் சோற்றை நிறுத்தச் சொல்கிறார்; சப்பாத்தி வந்துவிடுகிறது. குழம்பு அள்ளி ஊற்றுகிற பண்டம். ஒரு ஆள் கூடினால் ஒரு செம்புத் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் போதும், பாத்திரம் நிறைந்துவிடும். தோசையும் சப்பாத்தியும் எண்ணிச் சுடுகிற பண்டங்கள். ஐந்து பேருக்குப் பதினைந்து என்று கணக்கு வைத்துச் சுட்டதில் ஒன்றை எடுத்தால் ஒன்று குறையும். கொண்டுபோவதற்குள் ஆறியும் போகும். கிண்ணம் நின்றுபோனதில் மனத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு இந்தக் கணக்குக்கும் உண்டு.

மாறாதது ஒன்று: அடுப்பின் முன்னால் நிற்பது யார் என்பது. 2019-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். 'என்ன குழம்பு?' என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கேட்கும்போது, இன்றைக்கு எதை வைப்பது என்று நாள்தோறும் தனியாக யோசித்து யோசித்து அலுத்த ஒரு மூளை, அதே அலுப்பு தெரிந்த இன்னொரு மூளையிடம் யோசனை கேட்கிறது. 'என்ன குழம்பு?' என்று வீட்டு ஆண் கேட்கும்போது அந்தத் துணை அதில் இல்லை.

அத்தை இறந்து ஏழெட்டு மாதம் கழித்து அவள் பாத்திரங்களைப் பிரித்தோம். வீடு விட்டு வீடு போகிறவை என்பதால் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்பார்கள். அத்தையின் அலமாரியில் அவள் பெயர் இல்லாத கிண்ணங்கள் நான்கு இருந்தன. மூன்றில் எழுத்து இருந்தது. யார் வீடு என்று கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டோம். நான்காவதில் எழுத்து இல்லை. அடிப்பக்கத்தில் ஆறு புள்ளிகளைப் பூப்போலக் கொத்தியிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத யாரோ தன் அடையாளமாக வைத்த பூ. தெருவில் விசாரித்ததில், கடைசி வீட்டு ஆச்சியுடையது என்று தெரிந்தது. வெறும் கிண்ணத்தை எப்படிக் கொடுப்பது என்று அம்மா அன்று சாயங்காலம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வெந்தயம் சிவக்காமல் பார்த்துக்கொண்டாள். குழம்பு இறங்குவதற்குள் இருட்டிவிட்டது. மேலே வைக்கக் கரித்துண்டு வேண்டும். எரிவாயு அடுப்பு வீட்டில் கரி ஏது? தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் போய் ஒரு துண்டு வாங்கிவந்து, தட்டால் மூடி, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் கடைசி வீட்டுக்கு நடந்தோம்.